ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

“இவ்ளோ கலரு செஞ்சாரே ஆண்டவரு, அவரு கையில சாயம் ஒட்டிக்கலையா டீச்சர்?”

ஏழு வயதில், ஞாயிறு பள்ளியில் ஜான்சன் கேட்ட கேள்வி அது. டீச்சர் படைப்பின் ஆறு நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, “உக்காருடா சாயக்காரா” என்றார். பதில் கிடைக்கவில்லை. அவனுடைய அப்பா சாமுவேல் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் கை ஒருநாள் சிவப்பாகவும் இன்னொரு நாள் பச்சையாகவும் சோற்றைப் பிசையும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

இருபத்தொரு வருஷம் கழித்து அதே கை ஜான்சனுக்கும் வந்திருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் திருஞானசம்பந்தத்தின் பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவதும், சாயம் போட்ட நூலை மத்தியானம் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன் வேலை. அந்த மாதம் முழுக்க மாம்பழ மஞ்சள். ஒரே கல்யாண வீட்டுக்கு நாற்பது சேலை, எல்லாம் ஒரே நிறம். கையுறை போட்டாலும் கொதிக்கிற தண்ணீர் எப்படியாவது உள்ளே புகுந்துவிடும். அவன் கை மணிக்கட்டு வரை மஞ்சளாக இருந்த சமயத்தில்தான் எஸ்தருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, தாயையும் பிள்ளையையும் முசரவாக்கத்தில் எஸ்தரின் அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அங்கே மாமியார் சம்பூர்ணத்தின் ஆட்சி. அறையின் ஜன்னல் இரண்டும் சாத்தியாகிவிட்டது. காற்று படக்கூடாது. ஒரு குண்டு பல்பு மட்டும் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. எஸ்தர் போனை எடுத்தபோது சம்பூர்ணம் அதைப் பிடுங்கி மருமகன் கையில் கொடுத்தாள்.

“பச்ச உடம்புக்காரி போன் பாத்தா கண்ணு அவிஞ்சுடும். நீங்களே வெச்சிக்கோங்க மாப்ள. நாப்பது நாளு இவளுக்குக் காட்டாதீங்க.”

அந்தப் போனில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது கலையரசி என்ற நர்ஸ் எஸ்தரை அதில் சேர்த்துவிட்டிருந்தார். ‘பிள்ளை பெற்ற தோழிகள்’ என்று பெயர். காஞ்சிபுரத்திலும் சுற்று ஊர்களிலும் சமீபத்தில் பிள்ளை பெற்ற நூற்றுச்சொச்சம் பெண்கள் அதில் இருந்தார்கள். பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது, தொப்புள் எப்போது காயும், பிள்ளை ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு பகலில் ஏன் தூங்குகிறது என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். மேலே கலையரசி ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: இங்கே கிடைப்பது ஆறுதல், வைத்தியம் அல்ல, சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஏமாற்ற வேண்டும் என்று ஜான்சன் நினைக்கவில்லை. “புதுசா வந்த எஸ்தர் சிஸ்டர், எப்படி இருக்கீங்க?” என்று பிரவீனா என்ற பெண் கேட்டாள். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று “நல்லா இருக்கோம்” என்று எழுதினான். உடனே அடுத்த கேள்வி வந்தது. “தையல் வலிக்குதா?”

அவன் வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். “எஸ்தரு, தையல் வலிக்குதா?”

“இன்னா மாப்ள, தெருவுல நின்னுக்கினு கேக்கற கேள்வியா இது?” என்றாள் சம்பூர்ணம்.

எஸ்தர் போர்வைக்குள் சிரித்தாள். “வலிக்குதுன்னு சொல்லுங்க.”

“கொஞ்சம் வலிக்குது சிஸ்டர்” என்று அவன் எழுதினான். அதற்குப் பிறகு எப்படி உண்மையைச் சொல்வது?

வெள்ளிக்கிழமை மாலை முசரவாக்கம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அன்றைய செய்திகளைப் படித்தான். லுப்னா என்ற பெண் மத்தியானம் இரண்டேகால் மணிக்கு எழுதியிருந்தாள். அவளுக்கு இது இரண்டாவது குழந்தை. பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

“தினமும் இதே கதை. பாப்பா தூங்கறதே மத்தியானம் ஒரு நேரம்தான். நானும் அப்பதான் கண்ணு மூடணும். சரியா ரெண்டு மணிக்கு ஒரு சைத்தான் எங்க சந்துல வண்டிய நிறுத்தி ஹார்ன் அடிக்கிறான். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை, நீளமா. அவ்ளோதான். அதுக்கப்புறம் நாலு மணி வரைக்கும் அழுகை. அவளும் நானும்.”

பெண்கள் வரிசையாக வருத்தப்பட்டிருந்தார்கள். ஜான்சனுக்கும் பாவமாக இருந்தது. எஸ்தர் எப்படித் துண்டு துண்டாகத் தூங்குகிறாள் என்று அவன்தான் பார்க்கிறானே. “அந்த ஆள் கையில கட்டி வரட்டும் சிஸ்டர், ஹார்ன் பக்கம் கையே போவக்கூடாது” என்று எழுதினான். லுப்னா சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பி, “ஆமீன்” என்றாள்.

அன்று மாலைதான் அவன் குழந்தையின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தான். அதுவரை தொட்டதே இல்லை. கையைச் சோப்பு போட்டு மூன்று முறை கழுவியிருந்தான்.

சனிக்கிழமை காலை சம்பூர்ணம் குழந்தையைத் துடைக்க எடுத்தவள், கன்னத்தைப் பார்த்துக் கத்தினாள். “ஐயய்யோ, மாப்ள! கையில இருக்கற சாயத்தயெல்லாம் புள்ள மேல பூசிட்டீங்களே! பாருடி எஸ்தரு, மூஞ்சியெல்லாம் மஞ்சளு.”

தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. மறுபடியும் துடைத்தாள். “நல்ல சாயம்தான் போடறாங்க உங்க பட்டறையில” என்றாள். பிறகு சட்டம் போட்டாள். கை வெளுக்கிற வரை அப்பன் பிள்ளையைத் தொடக்கூடாது. வாசற்படியோடு நின்றுகொள்ள வேண்டும்.

தன் கைதான் காரணம் என்று ஜான்சனும் நம்பினான். பட்டறைக்குப் போய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கையில் தேய்த்தான். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கையை முக்கினான். தோல் எரிந்ததே தவிர மஞ்சள் நகரவில்லை. வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு பிடி நூலை இரண்டு முறை முக்கிவிட்டு, எத்தனை முறை முக்கினோம் என்று மறந்து நின்றான்.

அப்போது சேலைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். அடுத்த சேலைக்கு வேண்டிய நிறத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாராம். ஜான்சனுக்குக் கோபம் வந்தது.

“அண்ணா, எத்தினி தபா சொல்றது? போன்ல நிறம் தெரியாது. உங்க போன் ஒரு கலரு காட்டும், என் போன் வேற கலரு காட்டும். ஒரு முழம் நூலு குடுத்தனுப்புங்க. வாசல்ல, வெளிச்சத்துல வெச்சிப் பாத்துதான் நான் சாயம் கலப்பேன்.”

“இன்னாப்பா இன்னிக்கு இவ்ளோ சூடா இருக்கற?” என்றார் கடைக்காரர்.

அவனுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபத்தின்போது கண்ணை மூடினால் குழந்தையின் கன்னம்தான் வந்தது. பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தவறவிட்டான். வீட்டுக்கு வந்து வாசற்படியில் நின்றான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தான். அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தது.

“பால் குடிச்சாளா அத்த?”

“காலையில கொஞ்சம் சப்பினா. எம்மாம் சமத்து பாருங்க, அழுவறதே இல்ல. எஸ்தரு பொறந்தப்ப ஊரையே கூட்டுவா.” சம்பூர்ணம் குழந்தைக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள்.

எஸ்தர் களைப்பில் கண்ணயர்ந்திருந்தாள். ஜான்சன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். தண்ணீர் குடித்தான். செருப்பை மாட்டினான், கழற்றினான். குழுவைத் திறந்தான். லுப்னா சற்று முன்தான் எழுதியிருந்தாள்.

“இன்னைக்கு ஞாயிறு, ஹார்ன்காரன் வரமாட்டான். எங்கம்மி கலீமை மாமா வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிட்டாங்க. பாப்பா தூங்கிட்டா. நானும் படுக்கறேன். வாரத்துல இந்த ஒருநாள்தான். யாரும் என்னைத் தேடாதீங்க.”

கலீம் அவளுடைய மூத்த பையன், நான்கு வயது.

ஜான்சன் வாசற்படியிலிருந்து கையை நீட்டி எஸ்தரின் போனிலேயே குழந்தையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். “பாப்பா மஞ்சளா தெரியறா. அவங்க அப்பா கை சாயம் ஒட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. பாத்து சொல்லுங்க சிஸ்டர்” என்று எழுதினான்.

பதில்கள் உடனே வந்தன. “எங்க மஞ்சள்? ரோஸ் கலர்ல பூ மாதிரி இருக்கா.” “சூப்பர் கலர் சிஸ்டர்.” “காலை வெயில்ல காட்டுங்க, எல்லாம் போயிடும்.” பிரவீனா, “அப்பாவை நல்லா கை கழுவச் சொல்லுங்க” என்று எழுதிச் சிரித்தாள். கலையரசி நர்ஸ் அன்று வேலையில் இருந்திருக்க வேண்டும், அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜான்சன் மூச்சு விட்டான். படத்தை அவனே மறுபடி பார்த்தான். உண்மைதான், ரோஸ் நிறமாகத்தான் இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, போன் மறுபடி அதிர்ந்தது.

லுப்னா. “எஸ்தர், ஃபோட்டோவுல நிறம் தெரியாது. வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க.”

அவனுக்குச் சுரீர் என்றது. நேற்றுக் காலை அவன் கடைக்காரரிடம் சொன்ன வார்த்தை. முழம் நூலுக்குச் சொன்னதைப் பெற்ற பிள்ளைக்குச் செய்யத் தோன்றவில்லையே.

லுப்னா நிறுத்தவில்லை. “இந்த போன் எல்லாம் தானே முகத்தை வெளுப்பாக்கிடும். நம்பாதீங்க. பாப்பா பால் குடிக்க எழுந்துக்கிறாளா? காலையிலிருந்து எத்தனை துணி நனைச்சா? கண்ணுல வெள்ளை எப்படி இருக்குது? ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போயி நெஞ்சுல விரலால லேசா அழுத்தி எடுங்க. எடுத்த எடத்துல மஞ்சள் தெரிஞ்சா உடனே கிளம்புங்க.”

இதையெல்லாம் அவன் எப்படிப் பார்ப்பான்? அவன் வாசற்படியில் நிற்கிறவன். உடனே எழுதினான். “மன்னிக்கணும். நான் எஸ்தர் இல்ல. எஸ்தர் வீட்டுக்காரர். என் பேர் ஜான்சன். அவளுக்குப் போன் குடுக்கறது இல்ல. என்னைக் குழந்தையைத் தொட விடமாட்டேங்கறாங்க. என்னா பண்றது?”

பிரவீனாதான் முதலில் எழுதினாள். “அடப்பாவி அண்ணா! மூணு நாளா தையல் வலிக்குதுன்னு சொன்னது நீயா?”

அதற்கு மேல் யாரும் பேச லுப்னா விடவில்லை. “அதை அப்புறம் வெச்சுக்கலாம் பிரவீனா. அண்ணா, நீங்க உள்ள போங்க. குழந்தைய தூக்குங்க. நான் இங்கயே இருக்கேன்.”

அவன் செருப்பைக் கழற்றி வாசற்படியைத் தாண்டினான்.

“மாப்ள!” சம்பூர்ணம் எழுந்து உட்கார்ந்தாள். “கை!”

“அத்த, புள்ளைய வெளிச்சத்துல ஒரு தபா பாக்கணும்.”

“அஞ்சு நாள் புள்ளைய வெளிய எடுத்துக்கினு போவீங்களா? காத்து புடிச்சா யாரு பதில் சொல்றது? போன்ல எவளோ சொன்னான்னு…”

“அவளாவது கேட்டா அத்த. நாம கேக்கலியே, புள்ள ஏன் எழுந்துக்கலைன்னு.”

எஸ்தர் கண் விழித்திருந்தாள். குழந்தையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “காலையிலிருந்து ஒரே துணிதான் நனஞ்சுது” என்று மெல்லச் சொன்னாள். “நான் சொன்னேன். நீதான் சமத்துன்னு சொன்ன. அவர்கிட்ட குடும்மா.”

“அந்தக் கையோடயா?”

“அந்தக் கையோடதான்.”

வீட்டின் பின்புறம் துணி துவைக்கும் கல்லருகே வெயில் இருந்தது. ஜான்சன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தான். அவளுடைய கனமே அவனுக்குப் புதிதாக இருந்தது. வெளிச்சம் பட்டும் அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. துணியை விலக்கி நெஞ்சில் விரலை வைத்து அழுத்தி எடுத்தான். ரத்தம் விலகிய அந்த ஒரு கணத்தில் தோலுக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. வயிற்றில் அழுத்தினான். தொடையில் அழுத்தினான். அங்கேயும் அதேதான்.

இருபது வயதிலிருந்து அவன் நிறத்தைப் பார்த்துச் சோறு தின்கிறவன். மேலே ஒட்டிய சாயம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். விரல் பட்ட இடத்தில் அழுத்தமாகவும் மற்ற இடத்தில் வெளுப்பாகவும் திட்டுத் திட்டாக இருக்கும். மடிப்பில் தங்கும். அதுவும் இல்லாமல், கையில் ஊறிக் காய்ந்த சாயம் இன்னொருவர் மேல் ஒட்டாது. எலுமிச்சம்பழத்துக்கே போகாதது கன்னத்தைத் தடவினால் எப்படிப் போகும்? இதையெல்லாம் நேற்றே யோசித்திருக்கலாம். குற்றம் நம்முடையது என்று யாராவது சொல்லிவிட்டால் மூளை வேலை செய்வதில்லை. இந்த மஞ்சள் எங்கும் ஒரே சீராக, நூலின் நடு வரை ஏறிய சாயம்போல உள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

எஸ்தர் குழந்தையின் இமையை லேசாக விலக்கினாள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

“கண்ணுல எப்படிம்மா சாயம் ஒட்டும்?” என்று அவள் அம்மாவைக் கேட்டாள்.

சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அவள்தான் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் லுப்னா எழுதிக்கொண்டே வந்தாள். “எங்க வந்துட்டீங்க?” “எஸ்தரைப் பால் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க, உள்ளங்காலைத் தட்டி எழுப்பச் சொல்லுங்க.” “அவசரப் பிரிவுல போயி, அஞ்சு நாள் குழந்தை, மஞ்சள், பால் குடிக்கல, தூங்கிட்டே இருக்கான்னு வரிசையா சொல்லுங்க. அழாதீங்க, அழுதா பாதி மறந்துடும்.” ஜான்சன் ஒவ்வொன்றையும் எஸ்தருக்குப் படித்துக் காட்டினான். எஸ்தர் குழந்தையின் உள்ளங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கினான், ஏறினான். ஒரு ரயில் போய் முடிய அவ்வளவு நேரமா? அந்த நேரம் முழுக்க அவனுக்கு ஜெபம் வரவில்லை. “ஆண்டவரே, ஆண்டவரே” என்பது மட்டும் வந்தது. அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு இவர்களிடம் திரும்பினார். “மஞ்சள் காமாலைதான், ரொம்ப ஏறியிருக்குது. லைட்டுல வெச்சா குறைஞ்சிடும்னு நம்பறேன். குறையலைன்னா ரத்தம் மாத்தணும். இன்னைக்குக் கொண்டாந்தது நல்லதாப் போச்சு.”

“நாளைக்கு வந்திருந்தா?” என்றாள் சம்பூர்ணம்.

“நாளைக்கு வரலையேம்மா” என்றார் டாக்டர்.

கண்ணுக்குத் துணிக்கட்டு கட்டி, துணியில்லாமல் குழந்தையை நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று ஜான்சன் பார்த்தான். சாயம் ஏற்றத்தான் அவனுக்குத் தெரியும். தண்ணீர் இல்லாமல், சோப்பு இல்லாமல், வெறும் வெளிச்சத்தால் ஒரு நிறத்தை மெல்ல மெல்ல இறக்குவதை அவன் பார்த்ததில்லை.

ஐந்து மணிக்கு லுப்னாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. எஸ்தரும் அவனும் ஆளுக்கொரு காதாகக் குனிந்து கேட்டார்கள். களைத்த குரல். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“லைட்டுல வெச்சுட்டாங்களா? அல்ஹம்துலில்லாஹ். எஸ்தர், இனிமே பயப்படாதீங்க. நான் ஏன் அவ்ளோ வற்புறுத்தினேன்னு சொல்லணும். கலீம் பொறந்தப்போ நாங்களும் இப்படித்தான், வெயில்ல காட்டினா போயிடும்னு மூணு நாள் காட்டிக்கினு இருந்தோம். உயிர் தங்குச்சு. காது தங்கல. அவனுக்குக் கேக்காது. இவ பொறந்ததிலிருந்து எனக்கு அதே பயம்தான். ஆறாம் நாள் மத்தியானம் அந்த ஹார்ன்காரன் அடிச்சான் பாருங்க, இவ அப்படியே தூக்கிப் போட்டாப்ல அதிர்ந்து அழுதா. அன்னைக்கு நான் அந்த ஆளுக்கு துவா செஞ்சேன். அதுக்கப்புறம்தான் திட்ட ஆரம்பிச்சேன்.” சிரித்தாள். “சரி, இவளும் எழுந்துட்டா. இன்னைக்குத் தூக்கம் அவ்ளோதான். அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்.”

எஸ்தர் போனை வாங்கி, அம்மா பார்க்கப் பார்க்க, முதல்முறையாக அவளே பேசி அனுப்பினாள். “அக்கா, நான்தான் நெஜமான எஸ்தர்.” போன் பார்த்தால் கண்ணு அவிஞ்சுடும் என்று சம்பூர்ணம் இந்த முறை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை விளக்கை அணைத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் காது பரிசோதனைக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தார், எதற்கும் பார்த்துவிடுவோம் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் சம்பூர்ணம் குழந்தையைத் துணியில் சுற்றி மருமகனிடம் நீட்டினாள்.

“இந்தாங்க மாப்ள, புடிங்க.”

“கை இன்னும் வெளுக்கல அத்த.”

“வெளுக்கலைன்னா இன்னா? சோத்துக்குப் போற கைதானே.” முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவைத் தேடப் போனாள். முசரவாக்கம் வந்ததும் முதல் வேலையாக இரண்டு ஜன்னலையும் திறந்தாள்.

எஸ்தரின் போன் எஸ்தரிடமே போயிற்று. கலையரசி நர்ஸ் நடந்ததையெல்லாம் படித்துவிட்டு, அப்பாக்களும் இருக்கலாம் என்று சொல்லி ஜான்சனை அவன் எண்ணிலேயே குழுவில் சேர்த்தார். பிரவீனா அவனுக்கு ஜான்சன் சிஸ்டர் என்று பெயர் வைத்தாள். அது நிலைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் லுப்னாவுக்குத் தூக்கம் இல்லை. விருந்தாளிகள். “பரவால்ல, இந்த வாரம் முழுக்க ஹார்ன்காரனைக் காணோம், அதுவே போதும்” என்று எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை ஜான்சன் வேலைக்குத் திரும்பினான். அவன் இல்லாத நாட்களில் திருஞானசம்பந்தமே காலையில் காரில் நூலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மத்தியானம் ஜான்சன் மஞ்சள் நூல் மூட்டை இரண்டை வண்டியில் கட்டிக்கொண்டு ஒலிமுகமது பேட்டைக்குப் போனான். அங்கே ஒரு சந்தில் மாடி வீட்டில் வீராசாமி என்பவர் நூல் சுற்றும் மெஷின்கள் வைத்திருந்தார். மெஷின் சத்தத்தில் கீழேயிருந்து கூப்பிட்டால் கேட்காது. இருபத்திரண்டு படி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏற யாருக்கு ஆகும்? மூன்று வருஷமாக அவன் செய்வதையே செய்தான். வண்டியை நிறுத்தி, மேலே பார்த்து ஹார்ன் அடித்தான். நீளமாக, இரண்டு முறை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நூல் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே எடுத்துப் பார்த்தான்.

லுப்னா எழுதியிருந்தாள். “வந்துட்டான் பாருங்க. எட்டு நாள் நிம்மதியா இருந்தேன். இன்னைக்குத் திரும்ப வந்துட்டான்.”

எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் பச்சைத் திரை போட்ட ஜன்னல் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. வாசலில் சின்னப் பையனின் செருப்பு ஒரு ஜோடி.

ஜான்சனுக்குக் காது சூடாகியது. வீராசாமி மாடியிலிருந்து “வரேன் இருப்பா” என்று குரல் கொடுத்தது அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவனுடைய மகளுக்காக அவள் விட்டுக்கொடுத்தது வாரத்தில் ஒரே ஒரு தூக்கம். மற்ற ஆறு நாளும் அதைக் கெடுத்தது அவன்.

“சிஸ்டர், அது நான்தான்” என்று எழுதினான். அனுப்பும் முன் நிறுத்தினான். அனுப்பினால் அவள் “பரவால்ல அண்ணா” என்று எழுதுவாள். நிச்சயம் எழுதுவாள். அழுகிற பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் இவனைத் தேற்றுவாள். தூங்காதவளிடம் அதையும் வாங்க வேண்டுமா? எழுதியதை அழித்தான்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே சந்து முனையில் வண்டியை அணைத்தான். ஹார்ன் பக்கம் கை தானாகப் போயிற்று. இழுத்துக்கொண்டான். இரண்டு மூட்டையோடு வண்டி கனத்தது. வெயில் தலையில் இறங்கியது. பச்சைத் திரை ஜன்னலைக் கடக்கும்போது ஸ்டாண்டு தரையில் உரசாமல் காலால் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஒரு மூட்டையைத் தோளில் போட்டு இருபத்திரண்டு படி ஏறினான். இறங்கி வந்து இன்னொன்று.

“இன்னா ஜான்சா, ஹார்ன் கெட்டுப்போச்சா?” என்றார் வீராசாமி மெஷினிலிருந்து தலையை எடுக்காமல்.

“ஏறி இறங்கினா உடம்புக்கு நல்லதுண்ணா.”

“கல்யாணம் ஆயி புள்ள பொறந்தப்புறம் வருது புத்தி” என்று அவர் அடுத்த நூலைக் கோக்கத் திரும்பினார்.

அந்த வாரக் கடைசியில் லுப்னா எழுதினாள். “நாலு நாளா ஹார்ன் இல்ல. ரெண்டு மணி நேரம் தூங்கினோம், அவளும் நானும். அந்த ஆள் வேலைய விட்டுட்டான் போலிருக்கு.”

பிரவீனா விடுவாளா? “ஜான்சன் சிஸ்டர் குடுத்த சாபம் பலிச்சிடுச்சு! கையில கட்டி வந்துடுச்சு பாருங்க.”

எஸ்தர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். குழந்தை அவன் மடியில் இருந்தது. இன்னும் மஞ்சளாகவே இருந்த அவன் விரலை அது பிடித்துக்கொண்டிருந்தது. “இன்னா நீங்க ஒண்ணும் எழுதலையா?” என்று கேட்டாள். கும்பிடுகிற கை ஒன்றை மட்டும் அவன் அனுப்பினான்.

திங்கட்கிழமை. சந்தில் ஆளரவம் இல்லை. தொழுகை முடிந்து போனவர்கள் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். மேலே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைத் திரை அசையவில்லை. ஜான்சன் வண்டியை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைத் தாண்டித் தள்ளினான்.